சொட்டு வந்து சேரும் புள்ளி

கச்சான் அடிக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊவா மலைகள் காய்ந்து கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடும். மலை தாண்டிப் பதுளைப் பக்கம் இறங்கி வருவது வறண்ட காற்று. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுவது இந்தக் காய்ச்சலில்தான். அதே வெயில் செடிக்குப் பாரமும்கூட. எல்லயிலிருந்து தெமோதரை நோக்கி இறங்கும் தோட்டங்களில், தேயிலைக்கு நடுவே சவுக்கு என்று சொல்லப்படும் கிரவிலியாவும் முள்முருக்கும் நிற்பதைப் பார்க்கலாம். விறகுக்கும் தழைக்கும் உதவினாலும் அவற்றை நட்டது முதலில் நிழலுக்காக. வெளிச்சம் அளவு மீறினால் தேயிலை இலை கூடுதலாக உழைக்காது, இருக்கிற உழைப்பையும் குறைத்துக்கொள்ளும்.

அப்படிக் குறைய முக்கியக் காரணம் இலைக்குள் இருக்கும் ஒரு புரதக் கூட்டம். இரண்டாம் ஒளித்தொகுதி என்பது அதன் பெயர். வெளிச்சத்தை வாங்கி நீரைப் பிளந்து ஒட்சிசனை வெளியே விடுவது இதுதான். நாம் மூச்சிழுக்கும் ஒட்சிசன் இந்த வேலையால் வந்து சேர்ந்தது. இதன் நடுவிலிருக்கும் டி1 என்ற புரதம் கடும் வெளிச்சத்தில் பழுதாகிக்கொண்டே இருக்கும். செடி அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொண்டே இருக்கும். திருத்தும் வேகத்தைப் பழுதாகும் வேகம் முந்தும்போது இலை சோர்கிறது. நிழல் மரம் காப்பாற்றுவது இந்தக் கணக்கைத்தான்.

நீரைப் பிளக்கும் இடம் மிகச் சிறியது. நான்கு மங்கனீசு அணுக்கள், ஒரு கல்சியம், அவற்றைப் பிணைக்கும் ஐந்து ஒட்சிசன்கள், அவ்வளவுதான். 1969இல் பிரான்சில் பியர் ஜோலியோவின் குழு, இருட்டில் வைத்திருந்த ஒளித்தொகுதிகளுக்கு மிகக் குறுகிய வெளிச்சத் துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒட்சிசன் வருகிறது என்று அளந்தது. முதல் துடிப்புக்கு எதுவும் வரவில்லை. மூன்றாவதுக்கு மிகுதியாக வந்தது. அதன்பின் நாலு துடிப்புக்கு ஒரு தடவை கூடுதலாக வந்தது. அடுத்த ஆண்டு பெசல் கொக் இதற்கு விளக்கம் சொன்னார். ஒவ்வொரு துடிப்பும் மங்கனீசுக் கூட்டத்திலிருந்து ஓர் இலத்திரனைக் கழற்றுகிறது. நான்கு கழன்றதும் கூட்டம் அந்த நான்கையும் இரண்டு நீர் மூலக்கூறுகளிடமிருந்து மீட்டுக்கொள்ள, ஒட்சிசன் வெளியேறுகிறது. இருட்டில் ஓய்ந்திருக்கும் தொகுதி முதற் படியை ஏற்கெனவே தாண்டி நிற்பதால், மூன்றாவது துடிப்பிலேயே பலன் கிடைத்துவிடுகிறது.

படிகள் தெரிந்துவிட்டன. ஒவ்வொரு படியிலும் அந்த அணுக்கள் எங்கே நிற்கின்றன, இரண்டு ஒட்சிசன்கள் எப்போது, எப்படி ஒன்று சேர்கின்றன என்பது அப்போது தெரியவில்லை. அதைப் பார்ப்பதற்காகக் கட்டிய அறைகளைப் பற்றியது இந்த அத்தியாயம்.

அணுக்களின் இடத்தை அறிய எக்ஸ் கதிரைவிட நல்ல வழி இன்றுவரை அபூர்வம். ஒரே மூலக்கூறு ஒழுங்காக அடுக்கப்பட்ட பளிங்கின் மீது கதிரைப் பாய்ச்சினால், அது சிதறி உணரியில் புள்ளிக் கோலம் ஒன்றை விழுத்தும். அந்தக் கோலத்திலிருந்து கணித்து அணுக்களின் அமைப்பை மீட்கலாம். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சொன்னது கங்காருவின் வால் நாணில் விழுந்த எக்ஸ் கதிர்க் கோலத்தை வைத்துத்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதும், 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்ததும் இதே வழியில்.

ஆனால் எக்ஸ் கதிர் பார்க்கும் பொருளையே கெடுக்கும். உயிர்ப் பளிங்குகளைத் திரவ நைதரசனின் குளிரில் உறையவைத்தால் கேடு வெகுவாகக் குறையும். ரைபோசோமுக்கு அது போதும். நீரைப் பிளக்கும் கூட்டத்துக்குப் போதாது. உறைந்த புரதம் வேலை செய்யாது. மேலும், 2005இல் ஜுன்கோ யானோ, விட்டல் யச்சந்திரா முதலியோர் காட்டியபடி, எக்ஸ் கதிர் பட்டதும் மங்கனீசு அணுக்கள் இலத்திரன்களை வாங்கிக்கொண்டு நிலை மாறிவிடுகின்றன. பளிங்கின் மற்றப் பகுதி நன்றாக இருக்கும்போதே, பார்க்க வேண்டிய அந்த ஓர் இடம் கெட்டுவிடும். 2011இல் ஜப்பானில் ஷென், கமியா ஆகியோரின் குழுக்கள் ஸ்பிரிங்-8 என்ற கதிர் வளையத்தில் 1.9 அங்ஸ்ட்ரோம் துல்லியத்தில், அதாவது ஏறத்தாழ அணுக்களின் அளவில், மிக அழகான படம் எடுத்தன. அணுக்கூட்டத்தின் முழு அமைப்பும் உலகுக்குத் தெரிந்தது அதில்தான். அந்தப் படத்திலும் கதிரின் சேதம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்ற கேள்வி எழாமல் இல்லை.

இந்தச் சேதத்தை முந்த, 2000ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் நியூட்ஸே, யானோஸ் ஹைடு ஆகியோரின் குழு ஒரு துணிச்சலான கணக்கைப் போட்டது. எக்ஸ் கதிர்த் துடிப்பு போதிய அளவு குறுகியதாக இருந்தால், பொருள் வெடித்துச் சிதறுமுன் கோலம் உணரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பொருள் அழியும், படம் பிழைக்கும். சில பத்துப் பெம்டோசெக்கனுக்குள் துடிப்பு முடிந்துவிட வேண்டும். ஒரு பெம்டோசெக்கனில் ஒளியே 0.3 மைக்குரோமீற்றர்தான் நகரும். அந்தக் கணக்கு வெளிவந்தபோது அப்படியொரு எக்ஸ் கதிர் ஊற்று உலகில் எங்கும் இருக்கவில்லை.

2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுகூடத்தில் அது வந்தது. 1960களில் அமைத்த 3.2 கிலோமீற்றர் நீள இலத்திரன் முடுக்கியின் கடைசி மூன்றிலொரு பகுதியைக் கொண்டு செய்தது. ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் இலத்திரன் திரள், வடக்கு தெற்காக முகம் மாறி மாறி வைத்த காந்த வரிசைக்குள் நுழைந்து பக்கவாட்டில் அசைந்து அசைந்து போகும். அசையும்போது எக்ஸ் கதிரை உமிழும். உமிழ்ந்த கதிர் திரும்ப இலத்திரன்களையே தள்ளி, அலைநீள இடைவெளியில் தட்டுத் தட்டாக நிறுத்திவைக்கும். தட்டுகள் ஒன்றாய் உமிழத் தொடங்கியதும் கதிரின் பலம் மடமடவென்று ஏறும். ஒரு துடிப்பில் இலட்சம் கோடி ஒளித்துகள்கள், செக்கனுக்கு 120 துடிப்புகள். 2011இல் ஜப்பானின் சாக்லா, 2017இல் ஹம்பேர்க்குக்கு அருகே ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசர் என்று பின்னர் வேறு நிலையங்களும் வந்தன. அந்த ஐரோப்பிய நிலையத்தின் நீளம் 3.4 கிலோமீற்றர். எல்லயிலிருந்து தெமோதரைக்கு இரயில் ஓடும் தூரத்தில் ஏறத்தாழப் பாதி.

இவ்வளவு பெரிய இயந்திரத்தின் முடிவில் இருப்பது சோதனை நிலையம். ஈயம் பூட்டிய சுவர்களுக்குள் ஓர் அறை. முடுக்கியைப் பற்றிப் பேசுவோர் பலர். அந்த அறையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. விஞ்ஞானம் பிறப்பதோ அங்கேதான். நல்ல கதிர் இருந்தும் நிலையம் சரியில்லாமல் போனால் ஒரு முழுப் பரிசோதனையும் வீணாகும்.

நிலையத்தை வடிவமைப்பவர்கள் கதிர் வரும் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்குவார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் தொடங்குவது கதிரும் பொருளும் சந்திக்கும் அந்த ஒரு புள்ளியிலிருந்து. பொருள் பளிங்கா, திரவமா, வாயுவா? வெற்றிடத்தைத் தாங்குமா, காய்ந்துவிடுமா? பார்க்க வேண்டிய மாற்றம் பெம்டோசெக்கனில் நடக்கிறதா, மில்லிசெக்கனிலா? விடை கிடைத்தபின் பின்னோக்கிப் போய் ஆடிகளையும் முன்னோக்கிப் போய் உணரியையும் முடிவு செய்வார்கள். அதனால்தான் ஸ்லாக்கில் ஒரே கதிருக்குப் பல நிலையங்கள். கிரகங்களின் உட்புறம் போன்ற அழுத்தத்தைப் பெரிய லேசரால் உண்டாக்கிப் பார்ப்பதற்கு ஒன்று. வேதிப் பிணைப்பு அறும் கணத்தைப் பிடிப்பதற்கு ஒன்று. வெற்றிடத்தில் நுண்துகள்களைப் பார்ப்பதற்கு ஒன்று. புரதப் பளிங்குகளுக்கென்று தனியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவாய் ஒரே அறையைக் கட்டினால் எதற்கும் உதவாத அறையாகத்தான் அது முடியும்.

ஒளித்தொகுதியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு துடிப்பும் பளிங்கை அழித்துவிடுவதால், அடுத்த துடிப்புக்கு முன் புதுப் பளிங்கு அதே புள்ளிக்கு வந்தாக வேண்டும். முதலில் கையாண்ட வழி திரவத் தாரை. நுண்பளிங்குகள் மிதக்கும் நீரை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே தள்ளி, சுற்றிலும் வாயுவைப் பாய்ச்சி நெருக்கினால், குழாயின் வாயைவிடப் பலமடங்கு மெல்லிய தாரை கிடைக்கும். சுமார் 4 மைக்குரோமீற்றர் தடிப்பு, செக்கனுக்கு 10 மீற்றர் வேகம். 2009 டிசம்பரில் ஹென்றி சாப்மன், பெட்ரா ஃபிரோம், ஜோன் ஸ்பென்ஸ் முதலியோர் முதலாம் ஒளித்தொகுதியின் நுண்பளிங்குகளை இப்படிப் பாய்ச்சி 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோலங்களை எடுத்தார்கள். 2000ஆம் ஆண்டின் கணக்கு பலித்தது. 2011இல் அது ‘நேச்சர்’ இதழில் வந்தது.

தாரைக்குத் தொல்லைகள் உண்டு. வெற்றிடத்துக்குள் நீர் விழுந்தால் உறையும். தாரை போய் விழும் கிண்ணத்தில் பனிக்கட்டி வளர்ந்து மேலே ஏறி, கவனிக்காவிட்டால் குழாயின் வாயைத் தொட்டுவிடும். கொஞ்சம் பெரிய பளிங்கு வந்தால் குழாய் அடைபடும். அடைபட்டால் வெற்றிடத்தை உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி காற்றை உறிஞ்ச வேண்டும். கதிர் கிடைப்பதோ 12 மணிநேர முறைகளாக. உலகம் முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை திருப்பி அனுப்பப்படுகின்றன. அப்படிக் கிடைத்த நேரத்தில் அரை மணி போனால் அது போனதுதான். ஆகவே குழாயை எத்தனை நிமிடத்தில் மாற்றலாம், கைநுழைய இடம் இருக்கிறதா, இருட்டில் திருகாணி அகப்படுமா என்பதெல்லாம் ஆடியின் துல்லியத்துக்குச் சமமான வடிவமைப்புக் கேள்விகள்.

அதைவிடப் பெரிய தொல்லை விரயம். செக்கனுக்கு 120 துடிப்பு என்றால், இரண்டு துடிப்புகளுக்கிடையே தாரை 8 சென்ரிமீற்றருக்கு மேல் ஓடிவிடும். கதிர் படுவது அதில் சில மைக்குரோமீற்றர் நீளத்தில் மட்டும். பளிங்குகளில் இருபதாயிரத்தில் ஒன்றுக்குத்தான் கதிரைக் காணும் வாய்ப்பு. கூடை கூடையாகக் கொழுந்தை நிறுத்துவிட்டு, ஸ்டோருக்கு ஒரேயொரு இலையை மட்டும் கொண்டுபோவதைப் போன்றது இது. இரண்டாம் ஒளித்தொகுதியைச் சில மில்லிகிராம் தூய்மையாக எடுப்பதற்கே நிறையப் பாசி வளர்க்க வேண்டியிருக்கும்போது இதைத் தாங்க முடியாது.

பாசியா, ஏன் இலை இல்லை என்று கேட்கலாம். பளிங்காவதற்கு வசதியான ஒளித்தொகுதி, வெந்நீரூற்றில் வாழும் நீலப்பச்சைப் பாசியிலிருந்துதான் கிடைக்கிறது. சூடு தாங்கும் உயிரின் புரதம் உறுதியானது. தேயிலை இலை இதற்கு மிகவும் பொல்லாதது. நசுக்கிய கணமே அதன் பொலிபீனோல்கள் நொதியோடு கலந்து மாறி, புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். உருட்டும் இயந்திரத்தில் கொழுந்து சிவந்து கறுத்துத் தேயிலையாவது அதே வேதிமாற்றத்தால். என்றாலும் நீரைப் பிளக்கும் அந்த மங்கனீசுக் கூட்டம் வெந்நீர்ப் பாசிக்கும் நமுனுகுலையில் நிற்கும் தேயிலைக்கும் ஒன்றே. நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளாக அது மாறவில்லை. பாசியில் கண்டது இலைக்கும் பொருந்தும்.

விரயத்துக்கு விடையாக வந்தது நாடா. லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தின் ஜான் கேர்ன், யானோ, யச்சந்திரா ஆகியோரின் குழுவும் ஸ்லாக்கில் உள்ளவர்களும் சேர்ந்து செய்து, 2017இல் விவரமாக வெளியிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். நிறுத்தி விளக்குகிறேன்.

ஒரு சிறு கிணறு. அதில் பளிங்குகள் கலந்த திரவம். கிணற்றின் அடியில் ஒலியைக் குவிக்கும் கருவி. மனிதக் காதுக்கு எட்டாத ஒலித்துடிப்பு ஒன்று திரவத்தின் மேற்பரப்பில் வந்து குவிய, அங்கிருந்து சில நனோலீற்றர் அளவுள்ள ஒரு சொட்டு எகிறும். குழாய் இல்லை, ஆகவே அடைப்பும் இல்லை. எகிறிய சொட்டு மேலே ஓடிக்கொண்டிருக்கும் கப்டன் என்ற மஞ்சள் நிற நாடாவில் ஒட்டிக்கொள்ளும். நாடா அதைச் சுமந்துபோகும். வழியில் ஒளியிழைகள் வரிசையாக நிற்கின்றன. முதல் இழையைக் கடக்கும்போது ஒரு பச்சை லேசர்த் துடிப்பு, இரண்டாவதில் இன்னொன்று, மூன்றாவதில் இன்னொன்று. ஜோலியோ 1969இல் கொடுத்த அதே துடிப்புகள், இப்போது ஓடும் நாடாவின் மேல். பச்சையம் மிக விருப்பமாக உறிஞ்சுவது சிவப்பையும் நீலத்தையும். பச்சையை அது குறைவாகவே உறிஞ்சும். அதனால் பச்சை வெளிச்சம் சொட்டின் மேற்பரப்பிலேயே தீர்ந்துபோகாமல் அடிவரை இறங்கி எல்லாப் பளிங்குகளையும் எழுப்பும்.

எக்ஸ் கதிர் வரும் கணமும் சொட்டு வரும் கணமும் ஒன்றாக வேண்டும். செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் ஓடும் நாடாவில் சொட்டு ஒரு மில்லிசெக்கனில் 0.3 மில்லிமீற்றர் நகரும். ஒலித்துடிப்பு, நாடாவின் வேகம், லேசர்கள், எக்ஸ் கதிர் எல்லாம் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டால்தான் கடைசி லேசருக்குப் பிறகு இத்தனை மைக்குரோசெக்கனில் எடுத்த படம் இது என்று சொல்ல முடியும். இங்கே பெம்டோசெக்கன் கடிகாரம் தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். துடிப்பு குறுகியிருப்பது சேதத்தை முந்துவதற்கு. நீர் பிளக்கும் கடைசிப் படி மில்லிசெக்கன் கணக்கில் நடப்பது. பிணைப்பு அறுவதைப் பார்க்கும் நிலையத்தில் நிலைமை வேறு. அங்கே லேசரின் பாதை 30 மைக்குரோமீற்றர் கூடினாலே 100 பெம்டோசெக்கன் பிந்திவிடும்.

சந்திக்கும் புள்ளியைச் சுற்றி இடத்துக்குப் பெரும் போட்டி. இந்தப் பரிசோதனையில் ஒரே சொட்டிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. முன்னோக்கிச் சிதறும் கதிர் அணுக்களின் இடத்தைச் சொல்லும். அதற்குப் பெரிய உணரி புள்ளிக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு அகன்ற கோணம் அகப்படும், நுணுக்கமும் கூடும். அதே துடிப்பில் மங்கனீசு அணுக்கள் தாமும் எக்ஸ் கதிரில் ஒளிரும். எத்தனை இலத்திரன்களை இழந்திருக்கின்றன என்பதற்கேற்ப அந்த ஒளிர்வின் சக்தி மிகச் சிறிதளவு நகரும். அதைப் பிரித்து அளக்க, பக்கவாட்டில் வளைந்த சிலிக்கன், ஜேர்மானியம் போன்ற பளிங்குகளை வரிசையாக நிறுத்தி, அவை திருப்பும் கதிரை இன்னோர் உணரியில் விழுத்த வேண்டும். ஒளிர்வு எல்லாத் திசையிலும் போவதால், எவ்வளவு கூடுதலான திசையைப் பளிங்குகள் மறைக்கின்றனவோ அவ்வளவு நல்லது. இவற்றுக்கு நடுவே நாடாவின் உருளைகள், ஒளியிழைகள், சொட்டை எட்டிப்பார்க்கும் கமராக்கள். அத்தனையையும் ஈலியம் நிரப்பிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். காற்று இருந்தால் அதுவே கதிரைச் சிதறடித்துக் கோலத்தை மங்கலாக்கும். வெற்றிடமாக இருந்தால் சொட்டு காய்ந்துவிடும். ஆகவே ஈலியம், அதிலும் ஈரப்பதம் பார்த்து. சில சென்ரிமீற்றருக்குள் ஒவ்வொரு கருவியும் மற்றதைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒன்றின் தலையை அரை விரல் பின்னுக்கு நகர்த்தினால் இன்னொன்றின் கோணம் மாறும். வடிவமைப்பாளர்களின் மாதக்கணக்கான உழைப்பு கரைவது இந்த இடத்தில்தான்.

படியெல்லாம் உண்மையில் நடந்ததா என்பதற்கும் தனிச் சோதனை உண்டு. அதே பளிங்குகளுக்கு அதே லேசர்த் துடிப்புகளைக் கொடுத்து, வெளிவரும் ஒட்சிசனைத் திணிவு நிறமாலைமானியால் அளந்து பார்ப்பார்கள். தொகுதிகள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்த நிலையில் தொடங்க வேண்டும் என்பதால், பளிங்கைக் கலப்பதிலிருந்து கிணற்றில் ஊற்றுவதுவரை எல்லாம் மங்கலான பச்சை விளக்கில் நடக்கும்.

புள்ளியிலிருந்து பின்னோக்கிப் போனால் ஆடிகள். எக்ஸ் கதிர் சாதாரண ஆடியில் நேராகப் பட்டால் உள்ளே புகுந்துவிடும். பரப்பை ஒட்டி, பாகையின் ஒரு சிறு பகுதிக் கோணத்தில் சறுக்கிக்கொண்டு போனால்தான் திரும்பும். 1948இல் கேர்க்பட்ரிக், பாயஸ் இருவரும் சொன்னபடி, ஒன்று மேல்கீழாகவும் ஒன்று பக்கவாட்டிலும் குவிக்கும்படி இரண்டு ஆடிகளை அடுத்தடுத்து வைப்பார்கள். அவற்றின் பரப்பு சில நனோமீற்றருக்குள் வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஆடி ஒரு மைக்குரோரேடியன் சாய்ந்தால், ஒரு மீற்றருக்கப்பால் குவியம் 2 மைக்குரோமீற்றர் விலகும். குவியத்தின் அகலமே ஒரு மைக்குரோமீற்றர் என்றால் கதிர் பொருளைத் தவறவிட்டதாகத்தான் அர்த்தம். நானூறு மீற்றருக்கப்பால் உள்ள நிலையத்துக்குக் கதிரைத் திருப்பும் ஆடி அதே அளவு சாய்ந்தால், அங்கே கதிர் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் தள்ளி விழும். ஒரு மீற்றர் உருக்கு ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 12 மைக்குரோமீற்றர் நீளும். அதனால் அறையின் வெப்பநிலையைப் பத்திலொரு பாகைக்குள் பிடித்துவைப்பதும், ஆடிகளைக் கருங்கல் மேசைகளில் நிறுத்துவதும், பம்பிகளின் அதிர்வு தரையில் ஏறாமல் தடுப்பதும் ஆடம்பரமல்ல.

கதிர் தானும் ஒழுங்கானதல்ல. இலத்திரன்களின் தற்செயலான உமிழ்விலிருந்து அது வளர்வதால், ஒரு துடிப்பைப் போல் இன்னொரு துடிப்பு இருக்காது. பலமும் நிறமும் மாறும். ஆகவே ஒவ்வொரு துடிப்பும் பொருளைத் தொடுமுன் எவ்வளவு பலத்தோடு வந்தது என்று மெல்லிய படலம் ஒன்றில் சிறிதளவு சிதறவிட்டு அளந்து, அந்த எண்ணைப் படத்தோடு சேர்த்தே எழுதிவைப்பார்கள். 23 இலட்சம் படப்புள்ளிகள் உள்ள உணரி செக்கனுக்கு 120 படம் எடுத்தால், ஒவ்வொரு செக்கனுக்கும் 550 மெகாபைட் தரவு. பல படங்களில் பளிங்கே இருக்காது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அப்போதைக்கப்போதே தீர்மானிக்கும் கணினியும் நிலையத்தின் ஓர் உறுப்புத்தான்.

கதிர் திறக்குமுன் ஆய்வாளர் ஒருவர் அறைக்குள் சுற்றிவந்து, உள்ளே யாரும் இல்லை என்று உறுதிசெய்து, மூலைகளில் உள்ள பொத்தான்களை வரிசைப்படி அழுத்தி, கதவைப் பூட்டிவிட்டு வெளியே வருவார். வரிசை தவறினால் கதிர் வராது. அதன்பின் அந்த அறையில் நடப்பதையெல்லாம் திரையில்தான் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? 2017இல் ஷென்னின் குழு சாக்லாவில், இரண்டு துடிப்புக் கொடுத்த ஒளித்தொகுதியில் முன்பு இல்லாத ஓர் ஒட்சிசன் மங்கனீசுக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்திருப்பதைக் கண்டது. பழைய ஒட்சிசன் ஒன்றுக்கும் அதற்கும் இடைவெளி 1.5 அங்ஸ்ட்ரோம் என்று அவர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் இரண்டும் அப்போதே பிணைந்துவிட்டன. 2018இல் பேர்க்லிக் குழு நாடாவில் எடுத்த படங்களில் இடைவெளி 2 அங்ஸ்ட்ரோமுக்குச் சற்று மேல். அப்படியென்றால் இன்னும் பிணையவில்லை. வெவ்வேறு நிலையங்கள், பளிங்கைக் கொண்டுவரும் வெவ்வேறு வழிகள், ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். 2019இல் ஷென்னின் குழு தன் அளவை 1.9 என்று திருத்தியது. ஏறத்தாழ அரை அங்ஸ்ட்ரோமுக்காக நடந்த இந்த வாதத்தில் ஒளித்தொகுப்பின் மையக் கேள்வியே அடங்கியிருக்கிறது. நிலையத்தின் ஒவ்வொரு திருகாணியும் இந்த அரை அங்ஸ்ட்ரோமுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். 2023இல் பேர்க்லிக் குழு மூன்றாவது துடிப்புக்குப் பிறகு பல இடைவேளைகளில் எடுத்த படங்களை வெளியிட்டது. கூட்டம் உடனே ஒட்சிசனை விடுவதில்லை. நூற்றுக்கணக்கான மைக்குரோசெக்கன் தாமதித்து, இடைநிலைகளைக் கடந்து, சில மில்லிசெக்கனில் பழைய நிலைக்கு மீள்கிறது.

அடுத்த நிலையங்கள் வேறு சிக்கல்களோடு வருகின்றன. ஐரோப்பிய லேசர் செக்கனுக்கு 27,000 துடிப்புகள் தரும். அவை சீராக வராமல், பத்துத் தொகுதிகளாக, நெருக்கமாக வரும். ஒரு துடிப்பு தாரையை வெடிக்கவைத்த இடைவெளி மூடுமுன் அடுத்தது வந்து நிற்கும். ஒரு மைக்குரோசெக்கனுக்கும் குறைந்த இடைவேளையில், செக்கனுக்கு 10 மீற்றர் ஓடும் தாரை 10 மைக்குரோமீற்றர்கூட நகர்ந்திருக்காது. வெடிப்பின் ஓட்டை அதைவிடப் பெரிது. ஆகவே தாரையின் வேகத்தை நூறு மீற்றர்வரை ஏற்ற வேண்டியதாயிற்று. ஸ்லாக்கின் புதிய மீக்கடத்தி முடுக்கி 2023 செப்டெம்பரில் முதற் கதிரைக் கண்டது. செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்புகள்வரை தரக்கூடியது அது. அந்த வேகத்தில் படம் எடுத்துப் படித்துமுடிக்கும் உணரிகளைச் செய்வது, கதிரைச் செய்வதற்குக் குறைந்த வேலையல்ல.

இலங்கையில் இப்படியொரு லேசர் இல்லை, கதிர் வளையமும் இல்லை. இந்தியாவில் இந்தூரில் இண்டஸ்-2 என்ற வளையம் உண்டு. ஆனால் எக்ஸ் கதிர் லேசர்களில் நேரம் கேட்க நாடு ஒரு தடையல்ல. முடிவுகளை எல்லோருக்கும் வெளியிடும் ஆய்வென்றால் கட்டணமும் கேட்பதில்லை. விண்ணப்பத்தைத் துறைசார்ந்தவர்கள் படித்து மதிப்பிடுவார்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. வெயிலிலும் வறட்சியிலும் தேயிலையின் ஒளித்தொகுதி எப்படிப் பழுதாகிறது, எப்படித் திருத்திக்கொள்கிறது என்ற கேள்வியை இந்த மலைகளில் பிறந்தவர்கள் கேட்பதே முறை. அதற்கு முதலில் வேண்டியது முடுக்கி அல்ல. பொலிபீனோல்கள் தொடுமுன் இலையிலிருந்து ஒளித்தொகுதியைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்கும் முறை, குளிர் அறை, பச்சை விளக்கு எரியும் இருட்டறை, நுண்பளிங்கு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க நல்ல நுணுக்குக்காட்டி. பளிங்கு எவ்வளவு பெரியது, எத்தனை மில்லிலீற்றர் தர முடியும், அதை எந்த வழியில் புள்ளிக்குக் கொண்டுவருவீர்கள் என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கவே முடியும்.